குழந்தைகள் அறையில் ஜன்னலை ஒட்டி, அடியில் பொருள் வைக்கும் வசதியோடு இருக்கை மேடை அமைக்கலாமா? எப்படி அமைப்பது?

பத்துக்குப் பதினொன்று அடி அறை, 5 அடி அகல ஜன்னல், 4 வயதிலும் 8 வயதிலும் இரண்டு குழந்தைகள், மேலே மூடி வைத்த நீளப் பெட்டி ஒன்று செய்தால் போதும் என்று சொல்லும் ஆசாரி. உங்கள் கேள்வியில் உள்ள இந்த விவரங்களை வைத்தே பதில் சொல்கிறேன். தாராளமாக அமைக்கலாம். ஆனால் மூடி வேண்டாம், முன்பக்கம் இழுக்கும் டிராயர் வையுங்கள். அதற்கும் முன்னால் ஜன்னல் கம்பியைச் சரிபாருங்கள்.

கோயம்புத்தூரில் அடுக்ககம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில், மகளும் மகனும் சேர்ந்து படுக்கும் அறையில் இப்படி ஒரு மேடை இருக்கிறது. சில ஆண்டுகளாகப் புழங்கி வருகிறோம். எனக்குத் தச்சுவேலை தெரியாது. ஆனால் அளவுகளையும் பொருள்களையும் ஆசாரியோடு உட்கார்ந்து முடிவு செய்து, வேலை முடியும்வரை கூடவே இருந்தேன். அதனால் கடையிலும் பட்டறையிலும் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும்.

மேடை வந்ததும் ஜன்னல் தாழ்ந்துவிடுகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். நம் வீடுகளில் படுக்கையறை ஜன்னலின் சில் மட்டம், அதாவது அதன் அடிவிளிம்பு, பெரும்பாலும் தரையிலிருந்து 3 அடி, சில வீடுகளில் இரண்டரை அடி. மெத்தையோடு சேர்த்து 17 அங்குல உயரத்தில் மேடை அமைத்தால், அதன்மேல் எழுந்து நிற்கும் குழந்தைக்கு முன்னால் மிஞ்சும் சுவர் 19 அங்குலமோ 13 அங்குலமோதான். நான்கு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 103 செ.மீ., அதாவது 40 அங்குலம். ஆகவே அந்தச் சுவர் அதன் இடுப்புக்கும் கீழே நின்றுவிடும். குழந்தை வெளியே எட்டிப் பார்க்கும்போது உடலின் பாரம் முழுவதும் சுவருக்கு மேலேதான் இருக்கும். தரைத்தளம் என்றாலும் இது கவலைக்குரியது. மாடி என்றால் கம்பி இல்லாமல் மேடையை நினைத்தே பார்க்கக் கூடாது.

பழைய வீடுகளில் இரும்புக் கம்பி சுவரிலேயே பதிந்திருக்கும். அப்படி இருந்தால் இரண்டு கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கம்பிகள் நெட்டுக்குத்தாக இருப்பது நல்லது; படுக்கைக் கம்பிகள் ஏணிபோல் ஏறுவதற்கு வசதி செய்து கொடுத்துவிடும். புதிய அடுக்ககங்களில் யு.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் சட்டம் போட்ட நகரும் ஜன்னலும் கொசுவலையும் மட்டுமே இருக்கின்றன. கொசுவலை கொசுவைத் தடுக்கும், குழந்தையைத் தாங்காது. சாய்ந்த வேகத்தில் சட்டத்தோடு கழன்று போகும். இந்த வகை ஜன்னலுக்கு உள்பக்கமாகக் கிரில் போட வேண்டும். அல்லது எஃகு வடங்களை 2 அங்குல இடைவெளியில் இழுத்துக் கட்டும் ‘இன்விசிபிள் கிரில்’ போடலாம். கிரிலில் ஒரு பகுதியைத் திறக்கும்படி வைத்து, அதன் சாவியைப் பெரியவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில் அதே அறையில் மாட்டிவிடுங்கள். தீ விபத்து என்றால் வெளியேற வழி வேண்டும். மேடையில் உட்காரும் குழந்தை கண்ணாடியில் சாயும் என்பதால், கண்ணாடி சாதாரண வகையாக இருந்தால் எளிதில் உடையாத டஃபன்டு கண்ணாடியாக மாற்றிவிடுவதும் அவசியம்.

இனி மூடி பற்றி. எங்கள் ஆசாரியும் முதலில் மூடிதான் சொன்னார். “மூடி வெச்சுட்டா வேலையும் சுலபமுங்க, செலவும் கம்மிங்க, உள்ளே இடமும் நிறைய கிடைக்குமுங்க” என்றார். அவர் சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் மூடியைத் திறக்க மேலே இருக்கும் மெத்தையை எடுக்க வேண்டும், தலையணையை எடுக்க வேண்டும், உட்கார்ந்திருக்கும் தம்பியையோ அக்காவையோ எழுப்ப வேண்டும். இவ்வளவு வேலை இருந்தால் குழந்தைகள் பொம்மையை உள்ளே போட மாட்டார்கள், மேடைமேலேயே குவித்துவிடுவார்கள். குழந்தை தானாக எடுத்து, தானாகத் திருப்பி வைக்க முடியாத இடம் நாளடைவில் பெரியவர்களின் பழைய துணிக்கும் உடைந்த பொருள்களுக்குமான கிடங்காகிவிடும். குழந்தைகள் அறையில் அவர்களுக்கென்று செய்யும் பொருள் அவர்கள் கைக்கு வசப்பட வேண்டும் என்பதில் நான் மிகவும் உறுதியாக இருந்தேன். டிராயரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதல் காரணம்.

பாதுகாப்பு இரண்டாவது காரணம், அதைவிடப் பெரியது. கனமான மூடி கை நழுவி விழுந்தால் விரல் நசுங்கும். குனிந்து பொருளைத் தேடிக்கொண்டிருக்கும் குழந்தையின் கழுத்தில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. கண்ணாமூச்சி விளையாடும் வயதில் பெட்டிக்குள் ஒளிந்துகொள்வதும் இயல்பு. அமெரிக்காவில் 1912 முதல் 1987 வரை தயாரிக்கப்பட்ட ஒருவகைத் தேவதாருப் பெட்டிகளில், மூடி விழுந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கி இருந்தது. உள்ளே ஒளிந்த குழந்தைகளால் அதைத் திறக்க முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். 1996இல் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பெட்டிகளின் கொக்கியை மாற்றித் தருவதாக அறிவிப்பு வந்தது. 5 அடி நீளம் உள்ள பெட்டிக்குள் ஒரு குழந்தை நீட்டிப் படுக்கவே முடியும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

டிராயர் முழுதாக வெளியே வர ஒன்றரை அடி வேண்டும், அதன் முன்னால் குழந்தை உட்கார இன்னொரு ஒன்றரை அடி வேண்டும். மேடைக்கு முன்னால் இந்த 3 அடி இடம் இல்லாமல், கட்டிலை நகர்த்தவும் முடியாமல் இருந்தால் மட்டும் மூடிக்குப் போங்கள். அப்போது முழு நீளத்துக்கும் ஒரே மூடி வேண்டாம். சுவரை ஒட்டி 4 அங்குலப் பட்டை ஒன்றை அசையாமல் பொருத்தி, அதிலிருந்து தலா 20 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் கொண்ட மூன்று தனி மூடிகளாகப் பிரியுங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் இருபுறமும் மைக்கா ஒட்டிய இத்தகைய மூடி ஏறக்குறைய 3 கிலோதான் இருக்கும். சமையலறை மேல் அலமாரிக் கதவைத் தூக்கி நிறுத்த வாங்கும் 100 நியூட்டன் விசையுள்ள கேஸ் பம்பையே இதற்கும் பொருத்திவிடுவார்கள். 3 கிலோ மூடிக்கு அது மிகுதி, கொஞ்சம் தூக்கியதும் வீசித் திறக்கும், சின்னக் கையால் மூடவும் முடியாது. எந்த நிலையில் விட்டாலும் மூடி அங்கேயே நிற்கும்படி செய்யும் தாங்கி எது என்று கடையில் கேட்டு, மூடியின் எடையைச் சொல்லி வாங்க வேண்டும். பூட்டு, கொக்கி, காந்தத் தாழ் எதுவும் வேண்டாம். கீல் ஓரத்து இடைவெளி 5 மி.மீ.க்குக் குறைவாகவோ 12 மி.மீ.க்கு அதிகமாகவோ இருக்கட்டும். இடைப்பட்ட அளவில்தான் குழந்தையின் விரல் நுழைந்து நசுங்கும்.

காற்றுத் துளையும் கட்டாயம். குழந்தை உள்ளே நுழையும் அளவுள்ள விளையாட்டுப் பொருள்களுக்கு, ஒன்றுக்கொன்று 150 மி.மீ. தள்ளி அமைந்த இரண்டு துளைகளும் அவற்றின் மொத்தப் பரப்பு 1300 சதுர மி.மீ.யும் இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 8124 கூறுகிறது. அலமாரிக் கதவில் ஆட்டோ ஹிஞ்ச் என்னும் கீலைப் பதிக்க ஆசாரிகள் 35 மி.மீ. துளை போடும் பிட் ஒன்றை எப்போதும் வைத்திருப்பார்கள். அதே பிட்டால் இரண்டு துளை போட்டால் பரப்பு 1900 சதுர மி.மீ.யைத் தாண்டிவிடும். மெத்தையோ சுவரோ அடைக்காதபடி இந்தத் துளைகள் முன்பலகையில் இருக்க வேண்டும். எங்கள் டிராயர்களிலும் ஒவ்வொரு முன்பலகைக்கும் இதே 35 மி.மீ. துளைகள் இரண்டு உண்டு, அவையே கைப்பிடி. முழங்காலில் இடிக்கும் உலோகக் கைப்பிடி எதுவும் வைக்கவில்லை. துளையின் விளிம்பை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி வார்னிஷ் பூசியிருக்கிறோம்.

எங்கள் அளவுகள் உங்கள் ஜன்னலுக்கும் பொருந்தும் என்பதால் தருகிறேன். நீளம் 60 அங்குலம், ஆழம் 20 அங்குலம், பலகை மட்டத்தில் உயரம் 14 அங்குலம், மேலே 3 அங்குல மெத்தை. பெரியவர்கள் உட்கார்ந்து கதை சொல்லவும் இது வசதி. குழந்தைகள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள், ஆகவே அவர்களுக்குக் கால் தரையில் எட்ட வேண்டும் என்ற கணக்கு இங்கே முக்கியமில்லை. சில் மட்டம் 3 அடியாக இருந்தால் சின்னக் குழந்தைக்கு உட்கார்ந்த நிலையில் வானம் மட்டுமே தெரியும். அதற்காக மேடையை உயர்த்திவிடாதீர்கள். உயர்த்தினால் மேலே சொன்ன தடுப்புச் சுவர் இன்னும் குறையும். நடுவில் இரண்டு தடுப்புப் பலகைகள் கொடுத்தால் மூன்று டிராயர்கள் கிடைப்பதோடு, மேல்பலகை எந்த இடத்திலும் 19 அங்குலத்துக்கு மேல் தாங்கலின்றி நிற்காது. குழந்தைகள் உட்காருவதோடு நிறுத்த மாட்டார்கள், குதிப்பார்கள். 5 அடி நீளத்தை ஒரே வீச்சாக விட்டால் 18 மி.மீ. பலகை சில மாதங்களிலேயே தொய்ந்துவிடும். ஆணி வேண்டாம், எல்லாம் ஸ்குரூவாக இருக்கட்டும். பெட்டியைச் சுவரோடு எல் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடச் சொல்லுங்கள்; திறந்த டிராயரில் ஒரு குழந்தை ஏறி நின்றாலும் அசையக் கூடாது.

8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட்டில் வெட்டுப்படத்தை முன்கூட்டியே காகிதத்தில் போட்டால், பெட்டி முழுவதும் 18 மி.மீ. ஷீட் ஒன்றில் ஏறக்குறைய அடங்கும். மூன்றாவது டிராயரின் முன்பலகைக்குத்தான் இழுபறி வரும். டிராயரின் பக்கங்களுக்கு 12 மி.மீ., அடிப்பலகைக்கும் பெட்டியின் முதுகுக்கும் 6 மி.மீ. போதும். டிராயர் ஓடும் தடமான சேனல் 18 அங்குல டெலஸ்கோபிக் வகை, ஜோடி 45 கிலோ தாங்குவது. புத்தகம் எடை மிகுந்த பொருள் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பெட்டிக்குள் 9½ அங்குல உயரம் கிடைக்கிறது. ஏ4 அளவுப் படப் புத்தகத்தின் அகலம் 210 மி.மீ., அதாவது 8¼ அங்குலம். முதுகு மேலே தெரியும்படி வரிசையாக நிறுத்தினால் டிராயரை இழுத்ததும் எல்லாத் தலைப்புகளும் கண்ணில் படும். இந்த உயரத்தை ஓர் அங்குலம் குறைத்தால் புத்தகங்களைப் படுக்கப் போட வேண்டிவரும், அடியில் இருப்பதை எந்தக் குழந்தையும் எடுக்காது. எங்கள் வீட்டில் ஒரு டிராயர் புத்தகத்துக்கு, ஒன்று கட்டைகளுக்கும் பொம்மைகளுக்கும், மூன்றாவது வண்ணப்பெட்டி, கத்தரி, பசை, பழைய அட்டை என்று கைவேலைச் சாமான்களுக்கு. அந்த மூன்றாவதுதான் நாள்தோறும் அதிகம் திறக்கப்படுகிறது.

தண்ணீர் இரண்டு வழியில் வரும். ஒன்று ஜன்னலிலிருந்து. கோவையில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்குப் பக்கச் சாரலை உள்ளே தள்ளும். சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கு, வடக்கு ஜன்னல்களை நனைக்கும். நகரும் ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டிருந்தால் மழைநீர் உள்பக்கம் வழிந்து மேடையின் முதுகில் இறங்கும். ஆகவே வேலை தொடங்கும் முன் அவற்றைக் குச்சியால் சுத்தம் செய்து, ஒரு சொம்பு நீர் ஊற்றி வெளியே வடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் முதுகு சுவரை நேராகத் தொடாமல் அரை அங்குலம் தள்ளி நிற்கட்டும். ஈரச் சுவரோடு ஒட்டிய பலகையில் பூஞ்சணம் பிடிக்கும். இன்னொரு தண்ணீர் தரை துடைக்கும் துணியிலிருந்து வருவது. பலரும் கவனிக்காதது இதுதான், நம் வீடுகளில் பிளைவுட் சாமான்கள் அடியிலிருந்து உப்பிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மேடையின் 14 அங்குலத்தில் அடி 3 அங்குலத்தை மரம் இல்லாமல் வைத்து, முன்பக்கம் கிரானைட் பட்டையோ தரைக்குப் போட்ட அதே டைலோ ஒட்டிவிட்டால், துடைப்பான் எத்தனை முறை இடித்தாலும் பலகைக்குச் சேதம் வராது.

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. எனப்படும் கொதிநீர் தாங்கும் வகையை வாங்குங்கள். அதன் பசைப்பிடிப்பை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிப்பார்கள். ஓரளவு ஈரப்பதம் மட்டுமே தாங்கும் எம்.ஆர். வகை விலை குறைவு, ஆனால் அது ஜன்னலோரத்துக்கு உரியதல்ல. குழந்தைகள் தூங்கும் அறை என்பதால் பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளியேறும் இ0 அல்லது இ1 தரம்தானா என்றும் கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. சூடும் ஈரமும் கூடினால் அது இன்னும் அதிகமாக வெளியேறும், நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. வேலை முடிந்ததும் டிராயர்களைத் திறந்து போட்டு, ஜன்னலையும் திறந்து, வாடை அடங்கும்வரை குழந்தைகளை வேறு அறையில் படுக்க வையுங்கள். வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றையும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம் உட்பட, எட்ஜ் பேண்டோ பீடிங்கோ ஒட்டி மூடச் சொல்லுங்கள். வாயு வெளியேறுவதும் ஈரம் நுழைவதும் அந்த வழியில்தான் அதிகம். முன்பக்க மூலைகளை ஓர் அங்குல வளைவாக உருட்டிவிட வேண்டும்.

தரைத்தளத்திலோ கரையான் தொல்லை உள்ள தனி வீட்டிலோ நான் பிளைவுட் பெட்டியே செய்ய மாட்டேன். கொத்தனாரை வைத்து 4½ அங்குலச் செங்கல் சுவர் நான்கை எழுப்பி, மேலே கடப்பா கல் பரப்பி, முன்விளிம்பை வட்டமாகத் தேய்த்து, இடைவெளிகளில் டிராயருக்குப் பதிலாக இழுத்துக்கொள்ளும் கூடைகளையோ சின்னக் கதவுகளையோ வைத்துக்கொள்ளலாம். நம் திண்ணைகள் பல தலைமுறை தாங்கியது இந்த முறையில்தான். கரையானும் ஈரமும் இதை ஒன்றும் செய்யாது, கோடையில் குளிர்ச்சியாகவும் இருக்கும். எடை 200 கிலோவை நெருங்கும் என்பதால் மாடி வீடு என்றால் கட்டடப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஜன்னலுக்குக் கீழே பிளக் பாயின்ட் இருந்தால் அதைப் பெட்டிக்குள் மறைத்துவிடாமல், எலக்ட்ரீஷியனை வைத்து வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள். தரையோரத்து ஸ்கர்ட்டிங் டைல் சுவரைவிடச் சற்றே துருத்தி நிற்கும். அதற்காகவும் காற்றுக்காகவும் விட்ட பின்பக்க இடைவெளியை மேலே பீடிங் பட்டையால் மூடாவிட்டால், பென்சில், சில்லறை, விளையாட்டுச் சீட்டு எல்லாம் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும், கரப்பானும் குடியேறும். கயிறோ மணிச் சங்கிலியோ தொங்கும் திரை இந்த ஜன்னலுக்கு அறவே வேண்டாம். குழந்தைகளின் கழுத்தில் சுற்றி உயிர்ப்பலி வாங்கியவை அவை. கம்பியில் வளையம் கோத்த சாதாரணத் திரைச்சீலை போதும், அதையும் மேடை மட்டத்தோடு நிறுத்திவிடுங்கள்.

மெத்தைக்கு 40 டென்சிட்டி ஃபோம் 3 அங்குலத்தில் வெட்டி வாங்கினோம். இலவம்பஞ்சு உடலுக்கு இதமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தினமும் மிதிபடும் இடத்தில் சீக்கிரம் அமுங்கிவிடும், அடிக்கடி வெயிலில் போட்டு உதற வேண்டும். உறைக்குக் கரூர்ப் பருத்தித் துணியை எடுத்து ஜிப் வைத்துத் தைத்தால் கழற்றித் துவைக்கலாம். மெத்தை வழுக்காமல் இருக்க அடியில் வெல்க்ரோ பட்டை ஒட்டியிருக்கிறோம். மேலே ஒரு பவானி ஜமக்காளத்தை மடித்து விரித்தால் பால், சாறு கொட்டுவதை அதுவே வாங்கிக்கொள்ளும். டிராயருக்குள் பூச்சி வராமல் இருக்கப் பாச்சை உருண்டை போடாதீர்கள். அது நாப்தலின், குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் உண்டு, அதன் வாடையும் அவர்களுக்கு ஆகாது. உலர்ந்த வேப்பிலையையும் ஒரு துண்டு வசம்பையும் துணியில் முடிந்து, அவிழ்க்க முடியாதபடி தைத்து மூலையில் வைத்தால் போதும்.

வாடகை வீடு என்றால் சுவரோடு பொருத்துவதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் 60 அங்குலத்துக்குப் பதிலாக 30 அங்குலப் பெட்டிகள் இரண்டாகச் செய்து, இரண்டையும் போல்ட்டால் இணைத்து ஜன்னலடியில் போடலாம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்ல முடியும். சுவரில் பிடிப்பு இல்லாத நிலையில் சேனல் டிராயர் வேண்டாம், குழந்தை ஏறினால் பெட்டி முன்பக்கம் சாயக்கூடும். பெட்டியின் அடிப்பலகையை விட்டுவிட்டு, சக்கரம் வைத்த மரப்பெட்டிகளைத் தரையிலேயே உருட்டி உள்ளே தள்ளும்படி செய்துகொள்ளுங்கள். ஆசாரிக்கு முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் ஜன்னலின் சில் மட்டத்தையும், கட்டிலுக்கும் ஜன்னல் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளந்து இங்கே எழுதினால், டிராயரா மூடியா என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.